பதினெட்டுப் புள்ளி பத்து

"மேடம், செத்த இங்கிட்டு வாங்க."

சின்னாளப்பட்டியில், கட்டி முடியாத ஒரு தறிக்கூடத்தின் உச்சியிலிருந்து மரியதாஸ் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குக் கூரைக் கான்கிரீட். கீழே மிக்ஸர் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவை காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது சட்டி தூக்கிக்கொண்டிருந்த சித்தாள் பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மரியதாஸ் எனக்கு வேற்றாள் இல்லை. என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து 'மதினி' என்பதைத் தவிர வேறு சொல்லால் என்னைக் கூப்பிட்டதில்லை. இரண்டு வாரமாகத்தான் நான் அவருக்கு 'மேடம்'.

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். மேலே சித்திரை வெயிலும் ஈர சிமெண்டின் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. கூரையை மூன்று பீம்கள் நான்கு கட்டமாகப் பிரித்திருந்தன. மூன்று கட்டம் நிரம்பி, சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது. நான்காவது கட்டத்தில் வெறும் கம்பி.

மரியதாஸ் என்னைப் பார்க்காமல் கீழே கை காட்டினார். தார்ப்பாய்க்கு அடியில் காலையில் அடுக்கி வைத்திருந்த சிமெண்ட் மூட்டைகளில் ஐந்துதான் மிச்சம்.

"இந்தக் கட்டத்துக்குப் பதினாறு பிடிக்கும் மேடம்."

அப்புறம் கீழே பார்த்துச் சொன்னார். "மிஷினை அமத்துங்கப்பா."

மிக்ஸர் நின்றது. அதுவரை அந்தத் தெருவில் தறிச் சத்தம் இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டக், டக் என்று நாலு வீட்டிலிருந்தும் கேட்டது.

அங்கே எதற்காக நான் திருடி மாதிரி நின்றேன் என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மாடி ஆபீசுக்கு வந்த விருந்தாளி

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் ஆபீஸ் மாடிப்படியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'நீங்கள் அங்கே என்னதான் வேலை பார்த்தீர்கள்' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் மாமியாரும் பல வருடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

திண்டுக்கல் பழனி ரோட்டில், ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே, கதிர்வேல் சார் என்ற இன்ஜினியரின் ஆபீஸ். நான் சிவில் டிப்ளமா படித்தவள். ஒரு வீட்டுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை யூனிட் மணல், எத்தனை ஆயிரம் செங்கல் என்று எண்ணிச் சொல்வது என் வேலை. மேஸ்திரிகள் இடத்தை அளந்து நோட்டில் எழுதிக் கொண்டுவருவார்கள். நான் கால்குலேட்டரைத் தட்டித் தட்டி எஸ்டிமேட் போடுவேன். ஒரு வீட்டுக்கு மூன்று நாள் ஆகும். நாலாவது நாள் வீட்டுக்காரர் வந்து, "சமையலறையைச் செத்த பெருசாக்கிக்கலாமா" என்பார். மறுபடி மூன்று நாள்.

ஊரெல்லாம் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்று பேச ஆரம்பித்த காலம் அது. சார் ஒருநாள் கோயம்புத்தூர் போய், எஸ்டிமேட் போடுவதற்கென்றே செய்த ஒரு சாஃப்ட்வேரை வாங்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அதைச் சொல்லித்தர டை கட்டிய ஒரு தம்பி வந்தார். அரை நாள் சொல்லிக்கொடுத்தார். மீதி அரை நாள் திண்டுக்கல்லில் எந்தக் கடையில் பிரியாணி நன்றாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த சாஃப்ட்வேருக்கு எங்கள் ஊர் தெரியாது. அதற்குத் தெரிந்த செங்கல் ஒரே ஓர் அளவு. எங்கள் சூளைகளில் வரும் செங்கல்லோ, சூளைக்கு ஓர் அளவு, சில சமயம் ஒரே சூளையில் மழைக்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு. அதற்கு மீட்டர்தான் தெரியும். எங்களுக்கு அடியும் அங்குலமும். மணலை 'யூனிட்' என்று சொன்னால் அது முழித்தது. நூறு கன அடி ஒரு யூனிட் என்பது இங்கே லாரி கிளீனருக்கும் தெரியும்.

"ஏனுங்க ஸ்டெல்லா, இதைத் திருப்பிக் குடுத்துரலாமுங்களா?" என்றார் சார். அவருக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். கோபத்தில்கூட 'ங்க' போடுவார்.

"ரெண்டு நாள் பொறுங்க சார்" என்றேன்.

ஏனென்றால் அதில் ஒரு மூலையில், நாமே சொந்தமாக ஃபார்முலா எழுதிக்கொள்ள ஓர் இடம் இருந்ததை நான் பார்த்துவிட்டேன். டை கட்டிய தம்பி, "அது யாருக்கும் தேவைப்படாது மேடம்" என்று தாண்டிப்போன இடம்.

எட்டு எழுத்துப் பிள்ளைகள்

எனக்கு அது திருவிழா மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபார்முலா எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்தில் எட்டுக்குள் பெயர் வைக்க வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு ஒன்று, சன்ஷேடுக்கு ஒன்று, பரணுக்கு ஒன்று. செப்டிக் டேங்குக்கு எழுதிய ஃபார்முலாவுக்கு, அந்த மாதம் என்னோடு சண்டை போட்டிருந்த என் நாத்தனார் பெயரை வைத்தேன். இதைப் படிப்பார் என்று தெரியும். மன்னிக்கவும் அண்ணி, அது நல்ல ஃபார்முலா.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் மூட்டைக் கணக்கு வந்து நிற்கும். மூன்று நாள் வேலை மூன்று மணி நேரமானது. சமையலறையைப் பெரிதாக்கச் சொல்லி வந்தவரை, "உக்காருங்கண்ணே, காப்பி வரதுக்குள்ள சொல்லிடறேன்" என்று அசத்தினேன். ஆபீசில் எனக்குத் தனி மேசை வந்தது. மின்விசிறியும் என் பக்கம் திரும்பியது.

எல்லா ஃபார்முலாவுக்கும் அடியில், அஸ்திவாரம் மாதிரி ஒரு ஃபார்முலா இருந்தது. எனக்கு ரொம்பப் பெருமை தந்தது அதுதான். அது புள்ளியைப் பற்றியது.

அப்பா வைத்த கதவு

எங்கள் பக்கம் மேஸ்திரியும் ஆசாரியும் பத்தடி ஆறு அங்குலத்தை 10.6 என்றுதான் எழுதுவார்கள். அந்தப் புள்ளி பள்ளிக்கூடத்துத் தசமப் புள்ளி இல்லை. இந்தப் பக்கம் அடி, அந்தப் பக்கம் அங்குலம், நடுவில் ஒரு வேலி. அவ்வளவுதான்.

என் அப்பா கணக்கு வாத்தியார். திண்டுக்கல்லில் நாங்கள் வீடு கட்டியபோது, ஆசாரி சமையலறைக் கதவின் உயரத்தை 5.10 என்று துண்டுச் சீட்டில் எழுதி, மர அறுவைக்குக் கொடுத்துவிடச் சொன்னார். அப்பா வழியில் அந்தச் சீட்டைப் பார்த்தார். புள்ளிக்குப் பின்னால் கடைசியில் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். பேனாவை எடுத்து அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டார்.

ஐந்தடி பத்து அங்குலம் ஐந்தடி ஒரு அங்குலமாக அறுபட்டு வந்தது. மரம் அறுத்தது அறுத்ததுதான். "சின்னதா இருந்தாப் புகை வெளிய வராது" என்று அப்பா சமாளித்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் யார் போனாலும், கோயிலுக்குள் போவது மாதிரி தலை குனிந்துதான் போக வேண்டும். அம்மா தட்டை ஏந்திக்கொண்டு குனிந்து வெளியே வருவார். நான் பத்தாவது படிக்கும்போது வளர்ந்துவிட்டேன். நெற்றியில் இப்போதும் ஒரு சின்னத் தழும்பு உண்டு.

ஆகவே புள்ளியைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் 10.6-ஐப் பத்தரை அடிக்கும் கொஞ்சம் மேலே என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதனால் நான் எழுதிய ஃபார்முலா இப்படி: புள்ளிக்கு முன்னால் இருப்பதை அப்படியே எடு. பின்னால் இருப்பதைப் பத்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகு. இரண்டையும் கூட்டு.

10.6 போட்டேன், சரியாகப் பத்தரை வந்தது. 8.3 போட்டேன், எட்டேகால். 12.9 போட்டேன், பன்னிரண்டே முக்கால். நாலரை அங்குலச் சுவரை 0.45 என்று போட்டால்கூடப் பிசகவில்லை. எங்கள் ஊர்க் கட்டடங்கள் மூன்று, ஆறு, ஒன்பது அங்குலத்திலேயே பெரும்பாலும் நிற்பவை. அத்தனையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கி எனக்கு நானே வைத்துக்கொண்டேன்.

மேஸ்திரிகள் பழையபடியே எழுதலாம், மிஷின் புரிந்துகொள்ளும். அதுதான் என் பெருமை.

பதினோரு மூட்டை எங்கே போகும்

சின்னாளப்பட்டி நாகலட்சுமி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுங்குடிச் சேலைக்குப் புள்ளி கட்டுகிறவர். துணியைக் கிள்ளி, நூலால் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கினால், முடிச்சுப் போட்ட இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அவரிடம் இருபது பெண்கள் வேலை பார்த்தார்கள். விரல் நகமெல்லாம் எப்போதும் நீலமோ சிவப்போ. பேச்சும் அப்படித்தான், ஒட்டினால் போகாது.

வீட்டை ஒட்டியிருந்த இடத்தில் தறிக்கூடம் கட்ட எங்களிடம் வந்தார். இரண்டு பழைய வீடுகளுக்கு நடுவில் நெருக்கி நின்ற இடம் என்பதால் அளவு கோணல்மாணலாக வந்தது. மரியதாஸ் அளந்து எழுதியது, நீளம் 31.10, அகலம் 18.10. தறிக்கு மேலே உயரம் பற்றாது என்று அக்கா சொல்லவும், சார் பீமின் ஆழத்தை ஒரு அடியிலிருந்து பத்து அங்குலமாகக் குறைத்தார். நோட்டில் அது 0.10.

இவ்வளவும் அப்போது எனக்கு வெறும் எண்கள்.

சுவர் எழும்பிக் கூரை வேலைக்கு வந்தபோது, அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பேசினோம். சார், நான், மரியதாஸ், அக்கா. சுவரோரம் நாலைந்து பெண்கள் புள்ளி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கூரைக்கு அறுபத்தஞ்சு மூட்டை பிடிக்கும்" என்றார் மரியதாஸ்.

நான் பையிலிருந்து பிரிண்ட் எடுத்த தாளை விரித்தேன். "அம்பத்தி நாலு."

"இல்ல மதினி. பீம் மூணு இருக்குல்ல. அறுபத்தஞ்சுக்குக் குறையாது."

"பீமையும் சேத்துத்தான் மிஷின் சொல்லுது."

சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என்னைக் கேட்டார். "அப்ப மிச்சம் பதினோரு மூட்டை எங்கத்தா போகும்?"

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மரியதாஸ் என் சொந்தக்காரர் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். 'கொழுந்தனுக்குச் சாதகமா எழுதிருவாங்க' என்று ஒருவர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்திருந்தது. அதனால் அவர் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு பங்கு கறார் கூடுதல். அதோடு, மேஸ்திரி என்றால் நாலு மூட்டை கூடக் கேட்பார் என்ற பேச்சு கட்டடத் தொழிலில் எப்போதும் உண்டு. மரியதாஸ் அப்படிக் கேட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

எல்லாம் தெரிந்தும் சொன்னேன். "அதை மேஸ்திரிகிட்டத்தான் கேக்கணும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நான் மட்டும் என்றால் பரவாயில்லை.

புள்ளி கட்டிக்கொண்டிருந்த பெண்களின் கை ஒரு நிமிஷம் நின்றது. மரியதாஸ் அளவு டேப்பை மெதுவாகச் சுற்றி இடுப்பில் சொருகினார். "சரிங்க மேடம். அம்பத்தி நாலே இறக்கச் சொல்லுங்க" என்று எழுந்து போனார்.

அந்த ஈஸ்டருக்கு அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. "என்ன, மரியதாசு வரலையா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "வேலையா இருக்கும்" என்றேன். கறிக்குழம்பு மீந்து போனது. சர்ச் பூசையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால்தான் நின்றார், திரும்பவே இல்லை.

ஒரு அங்குல பீம்

இப்போது கூரைக்கு வருவோம். மிக்ஸர் நின்றுவிட்டது.

கான்கிரீட்டை ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தி, பழையது இறுகின பிறகு புதியதைப் போட்டால், இரண்டும் சேராது. அந்தக் கோட்டில் மழைத்தண்ணீர் இறங்கும். கீழே தறியில் பாவு நூல் விரித்திருக்கும். சித்திரை வெயிலில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பொறுக்காது.

மிஷின் ஓட்டுகிற ஆள் கீழேயிருந்து சத்தம் கொடுத்தார். "மேஸ்திரி, அஞ்சு மூட்டையிலயே ஜல்லியையும் மணலையும் கூட்டி ஓட்டிருவமா? மேல பூசிட்டா ஒண்ணும் தெரியாது."

அவர் சொன்னதில் தப்பேதும் இருப்பதாக அவருக்கே தோன்றவில்லை. மணலும் ஜல்லியும் லோடு கணக்கில் வருபவை, தாராளமாகக் கிடந்தன. அப்படி ஓட்டியிருந்தால் ஐம்பத்து நாலு மூட்டையில் கூரை முடிந்திருக்கும். என் கணக்கு சரியாகியிருக்கும். நான் இன்னொரு முழம் மல்லிகை வாங்கியிருப்பேன்.

"யாரு தலைக்கு மேலடா ஓட்டுற?" என்றார் மரியதாஸ். குரலை உயர்த்தவில்லை. "ஈரச் சாக்கு கொண்டாந்து ஓரத்தை மூடு. ஒருத்தரும் மிஷினைத் தொடக்கூடாது."

நான் தாளை விரித்தேன். இருபது தடவை பார்த்த தாள். 'பீம் 3, நீளம் 18.1, அகலம் 0.9, ஆழம் 0.1' என்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் 0.1 என்பதைப் பார்த்து மனசுக்குள் பத்து என்றே படித்திருக்கிறேன். காலடியில் நான்காவது கட்டத்து ஓரத்தில் பீமின் கம்பிக்கூடு. குனிந்து பலகையில் கை வைத்தேன். ஒரு சாணுக்கும் மேலே இறங்கியது.

தாளில் ஆழம் ஒரு அங்குலம்.

பத்து அங்குலம் என்று போட 0.10 என்று தட்டியிருக்கிறேன். மிஷின் கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டு, 0.1 என்று வைத்துக்கொண்டிருக்கிறது. என் ஃபார்முலா அதைப் பத்தால் பெருக்கி ஒரு அங்குலம் ஆக்கிவிட்டது. 18.10-ம் அப்படித்தான், 31.10-ம் அப்படித்தான். என் அப்பா பேனாவால் செய்ததை மிஷின் பேனா இல்லாமல் செய்திருக்கிறது. தலையை இடித்து வளர்ந்த எனக்கு அது தெரியாமல் போயிருக்கிறது.

மூங்கில் சாரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

நாகலட்சுமி அக்கா அதற்குள் ஏணியில் பாதி ஏறி, தலையை மட்டும் கூரைக்கு மேலே நீட்டியிருந்தார். காலிக் கட்டத்தைப் பார்த்தார், மரியதாசைப் பார்த்தார்.

"என்னப்பா, அம்புட்டும் தீர்ந்துருச்சா? பதினோரு மூட்டை எங்க போச்சு?"

மரியதாஸ் சாக்கின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவர் சொல்ல வேண்டிய பதில் இல்லை அது.

"என்கிட்டத்தான் கேக்கணும் அக்கா" என்றேன்.

சித்தாள் பெண்கள், கம்பிக்காரர்கள், கீழே மிஷின்காரர், எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று மறுபடி சத்தமாகச் சொன்னேன். "மரியதாசு சொன்ன அறுபத்தஞ்சுதான் சரி. நான் மிஷினுக்கு எழுதுன கணக்குல தப்பு. பத்து அங்குலத்தை ஒரு அங்குலமா எடுத்துருக்கு. அன்னைக்கு உங்க வீட்டுல வெச்சு நான் மேஸ்திரியைச் சொன்னது அநியாயம்."

அக்கா என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். நான் விரலால் அந்த இடத்தைக் காட்டினேன்.

"இந்தப் புள்ளியா?"

"ஆமாக்கா."

"நானும் இருபது வருஷமாப் புள்ளிதான் கட்டுறேன்" என்றார். "முடிச்சு நழுவுன சேலையை என்ன சொன்னாலும் ஒருத்தி வாங்க மாட்டா. சரி, நின்னு என்ன செய்ய. மூணாவது வீட்டுல கக்கூஸ் கட்ட மூட்டை இறக்கிருக்கான். கேட்டுப் பாக்குறேன்." ஏணியில் சரசரவென்று இறங்கிப் போனார்.

அந்த வீட்டில் ஐந்து மூட்டை கிடைத்தது. மீதி ஆறுக்கு நான் மெயின் ரோட்டு சிமெண்ட் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கடையைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அவர் வீட்டைத் தேடிப் போய், சோற்றில் கை வைத்திருந்த மனுஷரை எழுப்பிக் கூட்டிவந்தேன். ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் மூட்டையை ஏற்றி, பின்னால் நானும் தள்ளிக்கொண்டு வந்தேன். சேலையெல்லாம் சிமெண்ட்.

நான் வந்து சேர்ந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூணாவது வீட்டு ஐந்து மூட்டை வந்ததுமே தொடங்கிவிட்டிருந்தார்கள். மரியதாஸ் சாக்கை விலக்கி, ஓரத்தைக் கம்பியால் குத்திக் குத்திப் பழையதையும் புதியதையும் சேர்த்துக்கொண்டிருந்தார். மணி மூன்றுக்கு மேல் கடைசிச் சட்டி மேலே போனது. மூட்டை ஒன்றுகூட மிச்சமில்லை, ஒன்றுகூடப் பற்றாமலும் போகவில்லை. அறுபத்தைந்து.

"எல்லாரும் கை கழுவிட்டு வாங்க, வெஞ்சனம் ஆறிப்போச்சு" என்று அக்கா கூப்பிட்டார். தக்காளிச் சாதமும் முட்டையும் உருளைக்கிழங்கும். மரியதாஸ் எனக்கு எதிர்ப்பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "வரேன் மேடம்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பழைய நோட்டுகள்

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலாம்போல இருந்தது. "வேற எங்கெங்க பத்து வந்திருக்குன்னு பாருங்க" என்றார்.

அந்த ஃபார்முலா எழுதின நாளிலிருந்து போட்ட எல்லா வேலைகளின் நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, பத்தையும் பதினொன்றையும் தேடினேன். இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று கைப்பிடிச் சுவர், அதில் மூட்டை பற்றாமல் நடுவில் வாங்கியிருக்கிறார்கள், யாரும் என்னிடம் சொல்லவில்லை. இன்னொன்று காந்திகிராமம் போகிற வழியில் ஒரு வீட்டின் சன்ஷேட். அங்கே மூட்டை சரியாகப் போதுமானதாக இருந்ததாம்.

அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எப்படிப் போதும்? அந்த வேலை பார்த்த மேஸ்திரியைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "மிஷின் சொல்லிருக்கே, அதுக்குள்ள முடிக்கணும்னு முடிச்சேன்" என்றார்.

நான் ஒரு எண்ணைச் சொன்னால் அதைச் சரியாக்குவதற்கு ஜல்லியைக் கூட்டவும் ஆள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சார் ஆளனுப்பி அந்த சன்ஷேடை உடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொடுத்தார். மரியதாசும் அந்த மேஸ்திரி மாதிரி செய்திருந்தால், நான் இன்றுவரை அவரைத் திருடன் என்றும் என்னைக் கெட்டிக்காரி என்றும் நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஃபார்முலாவை மாற்றி எழுதினேன். புள்ளியே வேண்டாம். அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு ஒரு கட்டம். முதலிலேயே செய்திருக்கலாம். ஆனால் அதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லையே, அதனால் எனக்குத் தோன்றவில்லை. அதோடு இன்னொரு வழக்கமும் வைத்துக்கொண்டேன். மிஷினைத் தட்டுவதற்கு முன்னால், "உங்க கண்ணுக்கு எத்தனை மூட்டை தெரியுது?" என்று மேஸ்திரியைக் கேட்டுத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுவேன். இரண்டும் ஒட்டாவிட்டால் முதலில் என் பக்கத்தைத்தான் பார்ப்பேன்.

ஆடிக் காற்று

இத்தனைக்கும் நான் மேடமாகவே இருந்தேன். மன்னிப்பைக் கூரைமேல் நின்று கேட்டாயிற்று, மறுபடி எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் ஒருநாள் அழுதேன். "விடு, அவனுக்கே ஆறும்" என்றார். எனக்கு ஆறவில்லை.

ஆடி பிறந்து காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது. ஆபீசில் தாள்மேல் கல் வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும். ஒரு மத்தியானம் மரியதாஸ் படியேறி வந்து, தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டை அளந்த நோட்டை என் மேசையில் வைத்தார். நான் விரித்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தேன். 12.6. 9.3. 16.9. வழக்கமான அவர் கையெழுத்து, தச்சுப் பென்சிலில் தடிமனாக.

நாலாவது வரியில் கை நின்றுவிட்டது.

14.பத்து என்று எழுதியிருந்தது. புள்ளிக்குப் பின்னால் எண் இல்லை. தமிழில், எழுத்தில், பத்து. அடுத்த பக்கத்தில் 7.பதினொண்ணு.

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். காது மடலில் பென்சில்.

"இது என்ன?" என்றேன்.

"நீங்கதான் ரெண்டு கட்டம் போட்டுட்டீகளாம்ல. சார் சொன்னாரு. இருந்தாலும் ஒரு காவலுக்கு இருக்கட்டும்." அவர் முகத்தில் பழைய குறும்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "உங்க மிஷினு பூச்சியத்தை முழுங்கும். எழுத்தை முழுங்காதுல்ல மதினி."

நான் குனிந்துகொண்டு முதல் கட்டத்தில் பதினாலு போட்டேன். இரண்டாவது கட்டத்தில் பத்து போட்டேன். திரையில் எழுத்து மங்கலாகத் தெரிந்ததால், சரியாக விழுந்திருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொன்னேன்.